லொறிக்கு எந்தப் பெற்றோல்? 92ஆ, 95ஆ? சிறு வியாபாரிக்கு ஒரு செலவுக் கணக்கு

ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதி, பழைய சோனகத் தெரு ஆகிய இடங்களில் காலை வேளையில் நின்று பார்த்தால் சின்ன லொறிகளின் வரிசை ஒன்றைக் காணலாம். இரும்புச் சாமான், பெயின்ட், பிளாஸ்டிக் பொருட்கள், பலசரக்கு, துணி மூட்டை என்று ஏற்றிக் கொண்டு ஒன்று வெள்ளவத்தைப் பக்கம் போகும், ஒன்று பேலியகொடைக்குப் போகும், இன்னொன்று கண்டி, குருநாகல், புத்தளம் என்று நெடுந்தூரம் போகும். சுசுகி கெரி, டைஹட்சு ஹைஜெட், டவுன்ஏஸ், பட்டா லொறி, கெப் வண்டி என்று வகை பல. ஆனால் எல்லா முதலாளிமாருக்கும் பொதுவான செலவு எரிபொருள். கடை வாடகை வருடத்துக்கு ஒரு முறை கூடும். சம்பளம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கூடும். எரிபொருள் விலையோ அடிக்கடி மாறும். அதனைத் தீர்மானிப்பது நாமல்ல.

ஆனால் எந்த வகை எரிபொருளை அடிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் நாம்தான். இந்தத் தீர்மானத்தைப் பெரும்பாலான முதலாளிமார் சாரதியிடம் விட்டு விடுகின்றனர். சாரதி கராஜில் கேட்டதை நம்புகின்றார். கராஜில் ஒருவர் "95 அடித்தால் எஞ்சின் நீண்ட காலம் பாவிக்கும்" என்பார். மற்றொருவர் "அதெல்லாம் காசுக்குக் கேடு" என்பார். இவ்விருவரில் யார் சொல்வது சரி? இருவருமே ஓரளவு சரி, ஓரளவு பிழை. வண்டியைப் பொறுத்தே விடை மாறும். அதனை விளங்கிக் கொள்வதற்கு முதலில் ஒக்டேன் என்றால் என்ன என்று பார்ப்போம்.

ஒக்டேன் என்பது பலம் அல்ல

ஒக்டேன் கூடிய பெற்றோலில் சக்தி கூட இருக்கின்றது என்று பலர் நினைக்கின்றனர். இது தவறான எண்ணமாகும். ஒரு லீற்றர் 92 பெற்றோலிலும் ஒரு லீற்றர் 95 பெற்றோலிலும் அடங்கியுள்ள வெப்பச் சக்தி ஏறத்தாழ ஒன்றே. ஒக்டேன் எண் சொல்வது வேறொரு விடயத்தை. பெற்றோல் தானாகவே தீப்பிடித்து விடாமல் எவ்வளவு அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாக்குப் பிடிக்கும் என்பதையே அது சொல்கின்றது.

பெற்றோல் எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். காற்றும் பெற்றோலும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அக்கலவையை நெருக்குகின்றது. நெருக்கும்போது சூடு ஏறுகின்றது. சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகின்றது. பொறியிலிருந்து தீ ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. இதுதான் முறையான எரிதல்.

சில வேளைகளில், பொறியிலிருந்து புறப்பட்ட தீ வந்து சேருமுன்னரே, சிலிண்டரின் மூலையில் எஞ்சியிருக்கும் கலவை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே வெடித்து விடுகின்றது. இதைத்தான் கராஜ்களில் "நொக்கிங்" என்கின்றார்கள். தகரப் பேணிக்குள் மாபிள்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்கும். ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது நன்றாகவே கேட்கும்.

இந்தச் சத்தம் காதுக்கு மட்டும் தொந்தரவு தருவதல்ல. ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்றது. தொடர்ந்தால் பிஸ்டன் மேற்பரப்பு அரிக்கும், வளையங்கள் உட்காரும் விளிம்பு உடையும், ஹெட் கெஸ்கட் போகும். எஞ்சினை இறக்கிச் செய்வதென்றால் கைக்காசு போவதோடு வண்டியும் பல நாள் கராஜில் நிற்கும். ஓர்டர்கள் தவறும். ஆகவே ஒக்டேனைக் கூட்டிப் போட்டால் காசு வீண், குறைத்துப் போட்டால் எஞ்சினுக்குக் கேடு. இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டு கொள்வதே நமது வேலை.

எண் எங்கிருந்து வந்தது?

இந்த அளவுகோல் 1920களில் அமெரிக்காவில் உருவானது. ஐசோ ஒக்டேன் என்ற திரவம் நொக்கிங்கை நன்றாகத் தாங்கும். அதற்கு 100 என்று எண் கொடுத்தார்கள். ஹெப்டேன் என்ற திரவம் கொஞ்சமும் தாங்காது. அதற்கு 0 கொடுத்தார்கள். ஒரு பெற்றோல், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல நடந்து கொண்டால் அது 92 ஒக்டேன் பெற்றோல். அவ்வளவுதான்.

ஒக்டேனை மலிவாகக் கூட்டுவதற்கு அக்காலத்தில் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். 1921இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வழி உலகம் முழுவதும் பரவியது. ஈயப்புகை சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது தெரிய வந்ததும் நாடுகள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டன. இலங்கையில் 2002ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. கார்களுக்கான ஈயப் பெற்றோல் உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில் முடிவுக்கு வந்தது. இன்று சுத்திகரிப்பு முறைகளாலும் வேறு கலவைகளாலும் ஒக்டேன் கூட்டப்படுகின்றது. அதற்குச் செலவு அதிகம். 95 பெற்றோலின் விலை கூடியிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

நாட்டுக்கு நாடு வேறுபடும் எண்கள்

நமது நாட்டில் பெற்றோல் முக்கியமாக 92, 95 என்ற தரங்களில் விற்கப்படுகின்றது. சாதாரண பெற்றோல் ஒரு காலத்தில் 90 ஒக்டேனாக இருந்து பின்னர் 92 ஆனது. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஷெட் ஆனாலும், 2003இல் வந்த லங்கா ஐஓசி ஆனாலும், 2023இல் வந்த சினோபெக் ஆனாலும் இந்த எண்ணின் கருத்து ஒன்றே. பெயர்ப்பலகையும் விளம்பரமும்தான் மாறும்.

வண்டியோடு வரும் கைநூலைப் பார்க்கும்போது குழப்பம் ஏற்படுவது இங்கேதான். அமெரிக்கக் கைநூலில் "87" என்று போட்டிருந்தால் அது நமது 87 அல்ல. அங்கே இரண்டு வகைச் சோதனைகளின் சராசரியை எண்ணாகப் போடுகின்றார்கள். இலங்கை, இந்தியா, ஜப்பான், ஐரோப்பா ஆகிய இடங்களில் ரிசேர்ச் முறை எனப்படும் ஒரு சோதனையின் எண்ணை மட்டும் போடுகின்றார்கள். அமெரிக்க 87 என்பது நமது 91 அல்லது 92க்குச் சமம். அமெரிக்க 91 என்பது நமது 95, 96 அளவில் வரும். "91 தேவை" என்று அமெரிக்க நூலொன்றில் கண்டு 92 அடித்தவர், உண்மையில் தேவைக்குக் குறைவாகவே அடித்திருக்கின்றார்.

நமது சின்ன லொறிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றுக்கு முக்கியமான எண் இதுதான்: ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கான குறைந்தபட்ச ஒக்டேன் 89. உயர்தரப் பெற்றோலுக்கு 96. அங்கே சாதாரண பெற்றோலை "ரெகுலர்" என்றும் உயர்தரத்தை "ஹைஒக்" என்றும் அழைப்பர். ஆகவே ஜப்பானில் "ரெகுலர்" என்று குறிக்கப்பட்ட வண்டி 89 ஒக்டேனில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. நமது நாட்டின் மலிவான பெற்றோலே அதற்கு மூன்று புள்ளி மேலே நிற்கின்றது.

இந்தியாவிலும் அவ்வாறே. பாரத் 6 என்ற தரம் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது சாதாரண பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் 91. இந்தியாவில் சாதாரண பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட மாருதி வகைச் சிறு லொறிகளுக்கும் நமது 92 தாராளமாகப் போதும்.

உங்கள் வண்டி எந்த வகை?

பொதுவாகச் சொன்னால் பின்வருமாறு பிரிக்கலாம்.

முதலாவது வகை, 660 சிசி ஜப்பான் சிறு லொறிகளும் வேன்களும். சுசுகி கெரி, எவ்ரி, டைஹட்சு ஹைஜெட் போன்றவை. இவற்றில் பெரும்பாலானவை ரெகுலர் பெற்றோல் வண்டிகள். 92 போதும்.

இரண்டாவது வகை, டவுன்ஏஸ், லைட்ஏஸ், வனெட், பொங்கோ போன்ற நடுத்தர வண்டிகளின் பெற்றோல் எஞ்சின்கள். இவையும் ரெகுலர் வண்டிகள்தான். பழைய காபரேட்டர் எஞ்சின்கள் ஆகக் குறைந்த ஒக்டேனுக்கே செய்யப்பட்டவை. 92 போதும்.

மூன்றாவது வகை, பெற்றோலில் ஓடும் பெரிய கெப் வண்டிகள். டர்போ இல்லாதவற்றின் கைநூலில் பெரும்பாலும் 91 என்றே இருக்கும். 92 போதும். ஆனால் டர்போ பூட்டிய புதிய பெற்றோல் எஞ்சினாக இருந்தால் கைநூலைப் பார்க்காமல் தீர்மானிக்க வேண்டாம்.

நான்காவது வகை, ஐரோப்பியத் தயாரிப்புகளும், ஜப்பானில் "ஹைஒக்" என்று குறிக்கப்பட்டவையும். இவற்றுக்கு 95 அவசியம். ஐரோப்பாவில் சாதாரண பெற்றோலே 95 என்பதால் அங்குள்ள எஞ்சின்கள் அதற்கேற்ப அமைக்கப்படுகின்றன.

வண்டியின் தேவையைக் கண்டறிய மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, எரிபொருள் தாங்கி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு. இரண்டு, கைநூலில் எரிபொருள் பற்றிய பக்கம். மூன்று, நூல் தொலைந்திருந்தால் மாதிரி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் கொடுத்து விற்பனை முகவரிடம் விசாரிப்பது. ஜப்பான் எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் சீட்டைப் படம் பிடித்து தெரிந்தவருக்கு அனுப்பிக் கேட்கலாம்.

"கம்ப்ரஷன் கூடிய எஞ்சினுக்கு 95 அடிக்க வேண்டும்" என்று ஒரு பேச்சு உண்டு. பழைய எஞ்சின்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. இன்றைய எஞ்சின்களுக்கு அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நமது வீதிகளில் நிறையவே ஓடும் டொயோட்டா அக்குவாவின் கம்ப்ரஷன் 13.4. ஆனாலும் ஜப்பானில் அது ரெகுலர் பெற்றோல் வண்டிதான். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றி அந்த எஞ்சினை அப்படி அமைத்திருக்கின்றார்கள். ஆகவே ஊகத்தை விட்டு சீட்டை நம்புங்கள்.

விலைக் கணக்கு

இனி வியாபாரிக்குப் பிடித்தமான பகுதிக்கு வருவோம்.

2021 டிசம்பர் 20இல் விலை கூட்டப்பட்டபோது 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபா, 95 பெற்றோல் 207 ரூபா. வித்தியாசம் 30 ரூபா. நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஜூன் 26இல் 92 பெற்றோல் 470 ரூபா, 95 பெற்றோல் 550 ரூபா. வித்தியாசம் 80 ரூபா. ரூபாயில் பார்த்தால் வித்தியாசம் பெரிதும் கூடியிருக்கின்றது. நூற்று வீதத்தில் பார்த்தால் இரண்டு தடவையும் ஏறத்தாழ 17 வீதமே.

இந்த 17 வீதத்தின் பொருள் என்ன? 95 அடிப்பதால் நட்டம் வரக்கூடாது என்றால், வண்டி 17 வீதம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். 92இல் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் லொறி, 95இல் 14 கிலோமீற்றர் ஓடிக் காட்ட வேண்டும். ரெகுலர் பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட எந்த எஞ்சினும் இதைச் செய்யாது. கூடிய ஒக்டேனைப் பயன்படுத்திக் கொள்ளும் அமைப்பே அதில் இல்லாதபோது கூடுதல் தூரம் எங்கிருந்து வரும்?

மாதக் கணக்கைப் பாருங்கள். ஒரு லொறி நாளொன்றுக்கு 80 கிலோமீற்றர், மாதத்தில் 25 நாட்கள் ஓடுவதாக வைப்போம். மொத்தம் 2,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றால் ஏறத்தாழ 167 லீற்றர் வேண்டும். வித்தியாசம் 30 ரூபா என்றால் மாதம் 5,000 ரூபா, வருடம் 60,000 ரூபா. வித்தியாசம் 80 ரூபா என்றால் மாதம் 13,000 ரூபாவுக்கு மேல். மூன்று லொறி வைத்திருப்பவர் இதை மூன்றால் பெருக்கிக் கொள்ளலாம். இன்றைய விலைப் பட்டியலை எடுத்து, இரண்டு விலைகளின் வித்தியாசத்தை உங்கள் மாத லீற்றரால் பெருக்கினால் உங்களது கணக்கு வந்து விடும்.

இது நமது நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் மோட்டார் வாகனச் சங்கமான ஏஏஏ 2016இல் சோதனைகள் நடத்தி ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெற்றோல் போதுமான வண்டிகளில் உயர்தரப் பெற்றோல் அடித்ததால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை என்றும், ஒரே வருடத்தில் அந்நாட்டு மக்கள் 210 கோடி டொலருக்கும் மேல் இவ்வாறு வீணாக்கியதாகவும் அது தெரிவித்தது.

95 அடிக்க வேண்டிய இடத்தில் 92 அடித்தால்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 95 தேவைப்படும் எஞ்சினில் 92 அடிப்பது சிக்கனமல்ல. இன்றைய எஞ்சின்களில் நொக் சென்சர் என்ற ஒரு கருவி இருக்கின்றது. நொக்கிங் ஆரம்பித்ததும் அது கண்டுபிடித்துப் பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளுகின்றது. எஞ்சின் தப்பி விடும். ஆனால் இழுவை குறையும், சாரதி கூடுதலாக மிதிப்பார், எரிபொருள் கூடப் போகும். லீற்றரில் மிச்சம் பிடித்தது கிலோமீற்றரில் போய் விடும். நொக் சென்சர் இல்லாத எஞ்சின் என்றால் அடி நேராகப் பிஸ்டனுக்குத்தான்.

கைநூலில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 95 "கட்டாயம்" என்றிருந்தால் 95தான். 95 "சிபாரிசு" என்றும் 91 குறைந்தபட்சம் என்றும் இருந்தால் சாதாரண ஓட்டத்துக்கு 92 போதும், பாரம் ஏற்றி மலையேறும் பயணத்துக்கு மட்டும் 95 அடிக்கலாம்.

இரண்டையும் கலந்தால் ஏதும் ஆகுமா என்று பலர் கேட்பதுண்டு. ஒன்றும் ஆகாது. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 93.5 ஒக்டேன் கிடைக்கும். வெளியூர் ஷெட் ஒன்றில் 95 இல்லாவிட்டால் 92 கொஞ்சம் அடித்துக் கொண்டு மெதுவாக ஓட்டி வரலாம்.

கடுகண்ணாவ ஏற்றத்தில் சத்தம் கேட்டால்

92 போதுமான வண்டியிலும் சில வேளைகளில் நொக்கிங் கேட்கும். கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாரம் ஏற்றிச் செல்பவர்களுக்குக் கடுகண்ணாவ ஏற்றம் நல்ல அனுபவம். அங்கே மூன்று காரணங்கள் ஒன்று சேருகின்றன. பாரம், ஏற்றம், சூடு. கியரை மாற்ற மனமில்லாமல் மேல் கியரிலேயே மிதித்துக் கொண்டு ஏறினால் நாலாவது காரணமும் சேரும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது முழுதாக மிதித்தால் கலவைக்குத் தானாக வெடிக்கப் போதிய நேரம் கிடைக்கின்றது. எனவே சத்தம் கேட்டவுடன் முதலில் செய்ய வேண்டியது கியரைக் குறைப்பது. செலவில்லாத மருந்து இதுதான்.

கியரைக் குறைத்தும் சத்தம் நிற்காவிட்டால் 95க்கு மாறுவதற்கு முன்னர் பின்வருவனவற்றைச் சோதியுங்கள்.

1. றேடியேட்டர் தண்ணீர், விசிறி, தேர்மோஸ்டாட். எஞ்சின் கூடச் சூடாகினால் எந்தப் பெற்றோலும் நொக் அடிக்கும்.

2. ஸ்பார்க் பிளக். வண்டிக்கு உரிய இலக்கமல்லாத பிளக் பூட்டப்பட்டிருந்தால் அதன் முனை கூடச் சூடாகிக் கலவையை முன்கூட்டியே கொளுத்தலாம். பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்ற பேச்சை நம்பாமல் இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

3. பழைய டிஸ்ரிபியூட்டர் எஞ்சின் என்றால் டைமிங். "இழுவை வேண்டும்" என்று டைமிங்கைக் கூட முன்தள்ளி வைப்பது வழக்கம். அதைக் கைநூல் அளவுக்குத் திருப்பினால் சத்தம் நின்று விடும்.

4. சிலிண்டருக்குள் படிந்த கரி. கரி படியப் படிய இடம் குறைந்து கம்ப்ரஷன் கூடும். எண்ணெய் எரிக்கும் பழைய எஞ்சினில் இது அதிகம்.

5. பாரம். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஏற்றினால் ஒக்டேன் காப்பாற்றாது.

இவற்றைச் சரிசெய்யாமல் 95 அடித்தால் சத்தம் அடங்கும். நோய் உள்ளேயே இருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் பெனடோல் குடிப்பது போன்றதுதான் இது.

மலை உச்சியில் இன்னொரு புதினம் உண்டு. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் அழுத்தமும் குறைவு. ஆகவே அங்கே ஒக்டேன் தேவை குறைகின்றதே தவிரக் கூடுவதில்லை. "மலைநாட்டுக்கு 95" என்ற பேச்சு ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும் நேரத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும்.

டீசல் வண்டிக்கு ஒக்டேன் கிடையாது

நம்மவர்களிடம் டீசல் லொறிகளே அதிகம். டாட்டா ஏஸ் 2005இல் இந்தியாவில் வெளிவந்தது. இங்கே "பட்டா" என்ற பெயரில் வீட்டுப் பிள்ளை போல் ஆகிவிட்ட அந்த வண்டி டீசலிலேயே பெயர் பெற்றது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அங்கே எரிபொருள் தானாகவே தீப்பிடிக்க வேண்டும். ஆகவே ஒக்டேனுக்கு நேர்மாறான குணம் தேவை. அதனை அளக்கும் எண்ணுக்கு சீட்டேன் என்று பெயர்.

ஒட்டோ டீசலா, சுப்பர் டீசலா என்ற கேள்வியில் பெரிய விடயம் கந்தகம். சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. பழைய பம்ப் வகை எஞ்சின்களும் சாதாரண பட்டா லொறிகளும் ஒட்டோ டீசலில் நன்றாகவே ஓடும். ஆனால் கொமன் ரெயில் எஞ்சினும், புகைப்போக்கியில் டீபீஎஃப் என்ற வடிகட்டியும் உள்ள புதிய டபிள் கெப் வண்டிகளுக்குக் கந்தகம் பகை. வடிகட்டி அடைபட்டால் செலவு பெரிது. அத்தகைய வண்டிகளில் சுப்பர் டீசல் வீண்செலவல்ல, காப்புறுதி.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்து வைப்போம். ஷெட்டில் 95 பெற்றோலுக்கும் சுப்பர் டீசலுக்கும் "யூரோ 4" என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். யூரோ 4 என்பது புகையையும் கந்தகத்தையும் பற்றிய தரம். ஒக்டேன் வேறு, யூரோ வேறு. வண்டி யூரோ 4 என்பதற்காக அதற்கு 95 ஒக்டேன் தேவை என்று ஆகி விடாது. ஆனால் கைநூலில் குறைந்த கந்தகம் கட்டாயம் என்றிருந்தால், அக்காரணத்துக்காக 95ஐத் தெரிவு செய்வது நியாயமானது.

சாரதி மாறும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. டீசல் வண்டிக்குப் பெற்றோல் அடித்து விட்டால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சாவியையும் திருப்ப வேண்டாம். டீசல்தான் அந்தப் பம்புக்கு எண்ணெயாகவும் வேலை செய்கின்றது. பெற்றோல் போனால் பம்ப் தேய்ந்து விடும். வண்டியைத் தள்ளிச் சென்று தாங்கியை முழுதாக இறக்குங்கள். மூடியின் மேல் "டீசல்" என்று பெரிதாக எழுதி ஒட்டுவதற்குச் செலவு எதுவுமில்லை.

கலப்படம்: எண்ணைத் தின்னும் மண்ணெண்ணெய்

மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. பெற்றோலில் அது சிறிதளவு கலந்தாலும் ஒக்டேன் இறங்கி விடும். கலப்படத்துக்குத் தூண்டுகோல் விலை வித்தியாசம். 2022 ஜூன் 26இல் டீசல் 460 ரூபாவாக இருந்தபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. அவ்வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விலைகள் நெருங்க நெருங்கக் கலப்படத்தில் இலாபம் குறையும். ஆயினும் கேனில் விற்கப்படும் பெற்றோலை வாங்குவது எப்போதும் ஆபத்துத்தான்.

வழமையாகச் சத்தம் போடாத வண்டி, தாங்கி நிரப்பிய உடனேயே நொக் அடிக்க ஆரம்பித்தால் பெற்றோலைச் சந்தேகியுங்கள். பற்றுச்சீட்டு கையில் இருந்தால்தான் முறையிட முடியும். ஆகவே சாரதியிடம் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். கணக்குக்கும் அதுவே ஆதாரம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் சேர்த்து வைத்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெற்றோல் மாதக்கணக்கில் கேனில் நின்றால் அதன் இலேசான பாகங்கள் ஆவியாகிப் போகும், பிசினும் படியும். தீ அபாயமும் உண்டு. கடைக்குப் பின்னால் பெற்றோல் களஞ்சியம் வைப்பது புத்திசாலித்தனமல்ல.

வண்டி வாங்கப் போகின்றவர்களுக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்து விடப்பட்டது. இதனால் பழையதை மாற்ற நினைப்பவர்கள் பலர். விலை பேசுமுன் மூடியின் சீட்டைப் பாருங்கள். "ஹைஒக்" என்றிருந்தால், வண்டி மலிவாகக் கிடைத்தாலும் அதன் ஆயுள் முழுவதும் 95க்கான வித்தியாசத்தை நீங்கள் கட்டிக் கொண்டே இருப்பீர்கள். மாதம் 167 லீற்றர் கணக்கை ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். 30 ரூபா வித்தியாசத்திலேயே மூன்று இலட்சம் ரூபா வருகின்றது. பேரம் பேசும்போது அந்தத் தொகையும் மனதில் இருக்கட்டும்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

ஒன்று: உங்கள் வண்டியின் மூடியைத் திறந்து சீட்டைப் பார்த்து, தேவையான எண்ணை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இரண்டு: மூன்று முறை தாங்கியை முழுதாக நிரப்பி ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மீற்றர் எண்ணையும் லீற்றரையும் குறித்துக் கொள்ளுங்கள். ஓடிய கிலோமீற்றரை லீற்றரால் வகுத்து, மூன்றின் சராசரியை எடுங்கள். ஒரு தாங்கிக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். புறக்கோட்டை நெரிசலும் பாரமும் நாளுக்கு நாள் மாறும்.

மூன்று: 95 நல்லது என்று சாரதி வற்புறுத்தினால் அதே பாதையில் அதே மூன்று தாங்கி 95இலும் ஓடிப் பாருங்கள். லீற்றர் விலையைக் கிலோமீற்றரால் வகுத்தால் ஒரு கிலோமீற்றருக்கான செலவு வரும். எந்த எண் சிறியதோ அதுவே உங்கள் வண்டிக்குரிய பெற்றோல், சீட்டில் உள்ள குறைந்தபட்ச ஒக்டேனுக்கு அது கீழே போகாதிருக்கும் வரை.

பலருக்கு விடை 92 என்றே வரும். சிலருக்கு 95 என்று வரும். எதுவானாலும் அது கராஜ் பேச்சில் வந்த விடையாக இராது, உங்கள் கொப்பியில் வந்த விடையாக இருக்கும். அவ்வாறு மிஞ்சும் காசில் முதலில் பிளக்கையும் எண்ணெயையும் நேரத்துக்கு மாற்றுங்கள். எஞ்சின் நீண்ட காலம் பாவிப்பதற்கு அதுதான் உதவும்.